டயாபர் ஜெல் வயலுக்கு ஆகுமா?
நாப்கினையும் டயாபரையும் பிரித்துப் பார்த்து ஒரு மண் பாடம்



புதுசா இயற்கை வேளாண்மைக்கு வருகிறவர்களும் மாடித் தோட்டக்காரர்களும் இப்போ அடிக்கடி மூணு கேள்வி கேட்கிறாங்க.

ஒண்ணு: "டயாபருக்குள்ள ஒரு ஜெல் இருக்காமே, அதை மண்ணில் கலந்தா தண்ணி விடுறது பாதியாக் குறையுமாமே, போடலாமா?"

ரெண்டு: "வாங்கின குப்பை உரத்துல நாப்கின் துண்டு வருது. உரத்தைப் பயன்படுத்தலாமா, கூடாதா?"

மூணு: "வாழை நாரில் நாப்கின் செய்றாங்களாமே. நம்ம தோட்டத்துத் தண்டுக்கு விலை கிடைக்குமா?"

மூணுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த நாப்கினுக்குள்ளே என்ன இருக்கு, அது எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் மீதியை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

திருவள்ளூர் மாவட்டத்து உழவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். ஜப்பானைச் சேர்ந்த யூனிசார்ம் நிறுவனத்தின் டயாபர், நாப்கின் ஆலை அங்கே இருக்கிறது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம். இந்தச் சரக்குக்கு வேண்டிய பிளாஸ்டிக்கும் கப்பலில் வரும் மரக்கூழும் இந்த மாதிரி இடங்கள் வழியாகத்தான் நாட்டுக்குள் நடமாடுகின்றன. 2012இல் தமிழக அரசு தொடங்கிய புதுயுகம் திட்டத்துக்குப் பிறகு கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கும் நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்ணுக்கும், சேற்றில் இறங்கி நாள் முழுக்க நாற்று நடுகிற பெண்ணுக்கும் நாப்கின் பெரிய உதவி. அதைப் பயன்படுத்துகிறவரைக் குறை சொல்வது இந்தப் பாடத்தின் நோக்கம் இல்லை. பொருளைப் புரிந்துகொள்வதும், அது நம்ம மண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் நோக்கம்.

பிரித்துப் பார்ப்போம்

பயன்படுத்தாத ஒரு டயாபரை எடுத்துக் கத்திரியால் வெட்டிப் பாருங்க. மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக வரும்.

முதல் அடுக்கு, தோலைத் தொடுகிற மெல்லிய வெள்ளைத் துணி. பார்த்தால் பருத்தி மாதிரி இருக்கும், ஆனால் நெய்த துணி இல்லை. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, சிலந்தி நூல் மாதிரி இழுத்து, பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்ட வைத்தது. கடையில் துணிப்பை என்று கொடுக்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இதே சாதிதான். இந்த அடுக்கு ஈரத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல் கீழே அனுப்பிவிடும்.

இரண்டாவது, ஈரத்தை ஒரே இடத்தில் தேங்க விடாமல் பரப்புகிற அடுக்கு. இதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான்.

மூன்றாவது, நடுவில் இருக்கும் பஞ்சு. இது பருத்திப் பஞ்சு இல்லை, மரக்கூழ். அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் வளரும் பைன் மரங்களிலிருந்து பெரும்பகுதி வருகிறது. மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து, மரத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் லிக்னினை நீக்கி, வெளுத்து, தடித்த அட்டை மாதிரி சுருளாக்கிக் கப்பலேற்றுகிறார்கள்.

நான்காவது, அந்தப் பஞ்சுக்குள் கலந்து கிடக்கும் வெள்ளைக் குருணை. சர்க்கரை மாதிரி இருக்கும். இதுதான் எல்லாரும் கேட்கிற ஜெல்லின் மூலம். பேர் சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தை டயாபர் ஒன்றில் சுமார் 10 முதல் 15 கிராம் இருக்கும். நாப்கினில் இதைவிட ரொம்பக் குறைவு. சில நாப்கினில் இருக்கவே இருக்காது.

ஐந்தாவது, அடியில் ஈரம் கசியாமல் தடுக்கும் பாலித்தீன் தாள். இதோடு காலைச் சுற்றி ரப்பர் மாதிரி இழுபடும் நூல், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் சூடான பசை, ஒட்டுப் பட்டை, நாப்கினாக இருந்தால் பசைமேல் ஒட்டிய வழுவழுப்பான காகிதம்.

இப்போ கணக்குப் பாருங்க. இத்தனை அடுக்கில் மண் தின்னக்கூடியது மரக்கூழ் ஒன்றுதான். மீதி எல்லாம் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் ஒன்றுவிட்ட உறவு. பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் பெட்ரோலிய வாயுவிலிருந்து வருகின்றன. ஜெல் குருணையும் அப்படித்தான். புரோப்பிலீன் வாயுவிலிருந்து அக்ரிலிக் அமிலம், அதைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து, சங்கிலி சங்கிலியாகக் கோத்து, காயவைத்து அரைத்தால் குருணை. கொச்சியில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் 2021இல் தொடங்கிய ஆலையில் இந்த அக்ரிலிக் அமிலம் தயாராகிறது.

ஆலையில் எப்படிச் செய்கிறார்கள்?

வேலை ஒரே நீள வரிசையாக நடக்கும். மரக்கூழ்ச் சுருளைச் சுத்தியல் ஆலையில் விட்டால், அது அட்டையை அடித்து உதிர்த்துப் பஞ்சாக்கிவிடும். நம்ம ஊர் மாட்டுத்தீவன அரவை இயந்திரத்தின் தத்துவம்தான். உதிர்ந்த பஞ்சைக் காற்று இழுத்துக்கொண்டு போகும் வழியில் ஜெல் குருணையைத் தூவுகிறார்கள். ஓட்டை போட்ட ஒரு உருளை உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சும். அதன் மேலிருக்கும் அச்சுக் குழிகளில் பஞ்சும் குருணையும் படிந்து திண்டாகிவிடும். திண்டை மெல்லிய தாளால் சுற்றி, கீழே பாலித்தீன், மேலே வெள்ளைத் துணி வைத்து, பசை தெளித்து, இழுநூல் சேர்த்து, அழுத்தி, வெட்டி, மடித்து, பையில் போட்டுவிடும். பெரிய ஆலையில் நிமிடத்துக்குப் பல நூறு டயாபர் வெளியே வரும்.

இதன் பழைய வரலாறும் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பருத்திப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் மரக்கூழில் கட்டுப் பஞ்சு செய்து கொடுத்தது. போர்முனையில் இருந்த செவிலியர்கள் அதையே மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து 1920 வாக்கில் அது கோட்டெக்ஸ் என்ற பேரில் நாப்கினாகக் கடைக்கு வந்தது. டயாபரில் பேம்பர்ஸ் 1961இல் வந்தது. நம்ம ஊரில் எந்தக் கம்பெனி டயாபரையும் பேம்பர்ஸ் என்றே சொல்கிறோமே, அந்தப் பேர்தான்.

கோவையில் கண்டுபிடித்த ரகசியம்

இந்த மரக்கூழ் விஷயத்தை நம்ம ஊரில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கோவை அருணாசலம் முருகானந்தம். நாப்கினுக்குள் இருப்பது பருத்திப் பஞ்சு என்றே அவரும் நினைத்தார். பஞ்சை வைத்துச் செய்து செய்து பார்த்தார், ஒழுகியது. பரிசோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமல், கால்பந்தின் உள்ளே இருக்கும் பலூனில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார். கம்பெனி நாப்கினில் இருப்பது பைன் மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருசத்துக்கு மேல் ஆனது.

அதற்குப் பிறகு கோடிக்கணக்கில் விலை சொல்லும் இயந்திர வேலையை நாலு சின்ன வேலையாகப் பிரித்தார். ஒன்று, மரக்கூழ் அட்டையை உதிர்ப்பது. மிக்ஸி மாதிரியான இயந்திரம் போதும். இரண்டு, பஞ்சை அச்சில் போட்டு அழுத்துவது. மூன்று, வெள்ளைத் துணியால் போர்த்தி ஓரத்தை ஒட்டுவது. நான்கு, புற ஊதா ஒளியில் வைத்துக் கிருமி நீக்குவது. இயந்திரத்தை மகளிர் குழுக்களுக்கு விற்றார். 2006இல் சென்னை ஐஐடியில் விருது, 2016இல் பத்மஸ்ரீ.

உழவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு பொருளைப் பிரித்து, அடுக்கு அடுக்காகப் புரிந்துகொண்டால், பெரிய ஆலை செய்வதைக் கிராமத்தில் செய்ய முடிகிறது. ஆனால் கிராமத்தில் செய்தாலும் மரக்கூழ் வெளியூரிலிருந்துதான் வருகிறது. பிளாஸ்டிக் துணி பிளாஸ்டிக் துணியாகவேதான் இருக்கிறது. செய்யும் இடம் மாறினால் வருமானம் போகும் திசை மாறும். குப்பையின் குணம் மாறாது.

ஜெல் முதலில் வயலுக்குத்தான் வந்தது

இனி முதல் கேள்விக்கு வருவோம். பலருக்குத் தெரியாத சங்கதி, இந்தத் தண்ணி குடிக்கும் ஜெல்லுக்கும் வேளாண்மைக்கும் பழைய உறவு. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் மக்காச்சோள மாவோடு ஒரு ரசாயனத்தை இணைத்து இப்படி ஒரு பொருளைச் செய்தார்கள். 1970களில் அதை விதைக்கு மேல்பூச்சாகவும், மண்ணில் ஈரம் பிடிக்கவும் போட்டுப் பார்த்தார்கள். வயலில் அது பெரிசாக ஓடவில்லை. 1980களில் அதே குடும்பத்துப் பொருள் நாப்கினுக்குள்ளும் டயாபருக்குள்ளும் நுழைந்து, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இப்போ அது திரும்பவும் வயலைத் தேடி வருகிறது. 'ஹைட்ரோஜெல்' என்ற பேரில் கடையில் விற்கிறார்கள். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா ஹைட்ரோஜெல் என்று ஒன்றை உருவாக்கியது. அது மரநார்ச் சத்தோடு பாலிஅக்ரிலேட்டை இணைத்த பொருள். எக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ வரை, அதாவது ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ வரை பரிந்துரைக்கிறார்கள்.

அது நமக்கு ஆகுமா என்பதை ஒரு சோதனையும் ஒரு கணக்கும் சொல்லும்.

மூணு டம்ளர் சோதனை

பயன்படுத்தாத டயாபர் ஒன்றைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வெட்டி, பஞ்சை உதிர்த்து, பையின் வாயைக் கட்டிக் குலுக்குங்க. பஞ்சு மேலே நிற்கும், குருணை அடியில் சேரும். மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்க, தூள் உள்ளே போகக் கூடாது. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்க.

மூணு டம்ளரில் 200 மில்லி தண்ணீர் எடுங்க. முதல் டம்ளரில் மழைத் தண்ணீர். இரண்டாவதில் உங்க போர் தண்ணீர். மூன்றாவதில் மழைத் தண்ணீரோடு அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக உப்பு. மூணிலும் அரைத் தேக்கரண்டி குருணை போட்டுக் கலக்கிவிட்டு அரைமணி நேரம் விடுங்க.

மழைத் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தால் விழாது. கூழாகிக் கெட்டிப்பட்டிருக்கும். மழைத் தண்ணீரில் ஜெல் தன் எடையைப் போல இரு நூறு, முந்நூறு மடங்கு குடிக்கும். உப்புத் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தால் பெரும்பகுதி கொட்டிவிடும். அங்கே அது குடிப்பது 30 முதல் 50 மடங்குதான். போர் தண்ணீர் டம்ளர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்கும். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்க தண்ணீரின் உப்பையும் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் செய்யுங்க. மழைத் தண்ணீரில் கெட்டிப்பட்ட கூழின் மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவுங்க. கூழ் உடைந்து, பிடித்த தண்ணீரைக் கக்கிவிடும்.

காரணம் இதுதான். ஜெல் சங்கிலியில் ஒரே வகை மின்னேற்றம் வரிசையாக இருக்கிறது. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரிகிறது, இடைவெளியில் தண்ணீர் நுழைகிறது. உப்பு வந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் உள்ள கடினத் தண்ணீர் வந்தால் இன்னும் மோசம். அவை இரண்டு சங்கிலியைச் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடும். அப்புறம் நல்ல தண்ணீர் விட்டாலும் பழைய அளவுக்கு விரியாது.

மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து உழவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியதால், 1960களின் கடைசியிலிருந்தே அந்தப் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் ஏறிக்கொண்டிருக்கிறது. யாருக்கு ஈரம் பிடிக்கும் பொருள் ரொம்பத் தேவையோ, அவர் தண்ணீரில்தான் ஜெல் வேலை செய்யாது.

ஒரு கணக்கு

ஏக்கருக்கு 2 கிலோ ஜெல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழைத் தண்ணீரில் 300 மடங்கு குடித்தாலும் 600 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 4,047 லிட்டர். அப்படியானால் 2 கிலோ ஜெல் ஒரு தடவைக்குப் பிடித்து வைப்பது, ஒரு மில்லிமீட்டர் மழையில் ஏழில் ஒரு பங்கு. போர் தண்ணீரில் 50 மடங்கு என்றால் வெறும் 100 லிட்டர்.

வேர் பக்கத்தில் இருக்கிறது, திரும்பத் திரும்பக் குடிக்கிறது என்று விற்பவர் சொல்வார். அது உண்மைதான். ஆனாலும் அளவு இவ்வளவுதான்.

இதையே மட்கோடு ஒப்பிடுங்க. மண்ணில் அங்ககக் கரிமம் ஒரு சதவீதம் கூடினால், மேல் அரையடி மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் ஈரம் எவ்வளவு கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் போட்ட குறைந்த கணக்கில்கூட ஏக்கருக்குச் சில ஆயிரம் லிட்டர் வருகிறது. ஒரு சதவீதம் கூட்டுவது ஒரு வருச வேலை இல்லை. பசுந்தாள் உரம், தொழுவுரம், மூடாக்கு என்று பல வருசம் தொடர்ந்து செய்ய வேண்டும். ஆனால் அது உப்பைக் கண்டு கூழ் மாதிரி உடையாது. மண்புழுவுக்கும் சாப்பாடு ஆகும். மூடாக்கு ஆவியாவதைத் தடுப்பது இந்தக் கணக்கில் சேராத தனி லாபம்.

சோடியமும் மட்காத சங்கிலியும்

டயாபர் ஜெல்லுக்கு இன்னும் இரண்டு குறை இருக்கு. பேரிலேயே சோடியம் இருக்கிறது பாருங்க. ஒரு டயாபரில் 12 கிராம் குருணை இருந்தால் அதில் சுமார் 2.3 கிராம் சோடியம். ஒரு தேக்கரண்டி சமையல் உப்பில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைச் சங்கிலி பிடித்துக்கொண்டு சோடியத்தை மண்ணில் விட்டுவிடும். தொட்டிச் செடிக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களர் மண்ணோடு போராடுகிறவர் இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, அந்தச் சங்கிலி மண்ணில் மிக மிக மெதுவாகத்தான் சிதையும். கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, மட்கிப் போவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த உரச் சட்டத்தில், மண்ணில் போடும் இப்படிப்பட்ட பாலிமர்கள் மட்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: டயாபர் ஜெல் வேண்டாம். பயன்படுத்திய டயாபரில் எடுப்பது என்றால் பேச்சே இல்லை, மலக்கிருமியும் சேர்ந்து வரும். கடையில் விற்கும் ஹைட்ரோஜெல்லை யாராவது 'இயற்கை' என்று சொல்லி விற்றால், எதில் செய்தது என்று எழுதி வாங்குங்க. சான்றிதழ் எடுக்கும் உழவர்கள், போடுவதற்கு முன்னால் சான்றளிப்பு அமைப்பிடம் கேட்டுவிடுங்க. போட்ட பிறகு மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க முடியாது.

குப்பை உரம் வாங்கும்போது

இரண்டாவது கேள்வி. பயன்படுத்திய நாப்கினையும் டயாபரையும் தனியாகச் சுற்றி, மட்காத குப்பையோடு கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. சுற்றுவதற்கு உறை கொடுக்க வேண்டியது தயாரிப்பவர் பொறுப்பு என்றும் அவை சொல்லின. வீட்டில் பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டினால், அது உரக் கிடங்குக்குப் போய், அரைபட்டு, சலிக்கப்பட்டு நம்ம வயலுக்கு வந்துவிடும்.

லோடு இறக்குவதற்கு முன் இதைச் செய்யுங்க. குவியலின் நாலு இடத்திலிருந்து ரெண்டு ரெண்டு கை உரம் எடுத்து, ஒரு வாளி மழைத் தண்ணீரிலோ நல்ல தண்ணீரிலோ போட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் விடுங்க. மேலே மிதப்பதில் வெள்ளை நார்த் துணித் துண்டும் பாலித்தீன் துண்டும் இருக்கிறதா பாருங்க. தண்ணீருக்குள் கண்ணாடி மாதிரி வழவழவென்று கூழ் உருண்டை தட்டுப்பட்டால் அது டயாபர் ஜெல். இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த லோடு வேண்டாம். விலை மலிவு என்று இறக்கினால், பொறுக்கும் கூலி உரத்தின் விலையைத் தாண்டிவிடும்.

நம்ம வீட்டிலும் நாலு கட்டுப்பாடு வேண்டும்:

1. நாப்கின், டயாபரை எருக்குழியிலோ மண்புழுத் தொட்டியிலோ போடாதீங்க.
2. வாய்க்காலிலும் கிணற்றிலும் கழிவறையிலும் போடாதீங்க. ஜெல் ஊதிக் குழாயை அடைத்துவிடும்.
3. வரப்பில் வைத்துக் கொளுத்தாதீங்க. ஈரப் பஞ்சு சரியாக எரியாது. பிளாஸ்டிக் அரைகுறையாக உருகி நச்சுப் புகைதான் வரும்.
4. டயாபரில் உள்ள மலத்தைக் கழிவறையில் தள்ளிவிட்டு, காகிதத்தில் சுற்றி, அடையாளம் தெரிகிற மாதிரித் தனியாகக் கொடுங்க. குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரும் நம்மைப் போல மனுசர்தான்.

நம்ம நார்கள் ஆகுமா?

மூன்றாவது கேள்வி, வருமானம் சம்பந்தப்பட்டது. நார் இருந்தால் மட்டும் உறிஞ்சாது. இதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது.

செடியிலிருந்து பறித்த பருத்தியைத் தண்ணீரில் போடுங்க, மிதக்கும். அதன் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. சோடா போட்டு வேகவைத்து மெழுகை நீக்கினால்தான் மருத்துவப் பஞ்சு ஆகும். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத் துணிக்கும் இப்படித்தான் உறிஞ்சும் குணம் வருகிறது.

இலவம்பஞ்சு இன்னும் பிடிவாதம். நாருக்குள் காற்று, மேலே மெழுகு. அதனால்தான் அந்தக் காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் மிதவை உடுப்புக்குள் இலவம்பஞ்சை அடைத்தார்கள். நாப்கினுக்காக இதை நம்பி உட்கார்ந்தால் இலவு காத்த கிளி கதைதான்.

வாழைநாரில் நாப்கின் செய்வது உண்மை. அகமதாபாத்தில் 2015இல் தொடங்கிய சாத்தி நிறுவனம் செய்கிறது. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நார் எடுப்பதில் வேலை செய்கிறது. ஆனால் கணக்குப் போட்டு இறங்க வேண்டும். வாழைத் தண்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காய்ந்த நார் என்று கிடைப்பது தண்டு எடையில் ஒன்றிரண்டு சதவீதமே. அந்த நாரிலும் லிக்னின் இருக்கிறது. காரத்தில் வேகவைத்து அதை நீக்கினால்தான் உறிஞ்சும். அந்தக் காரத் தண்ணீரை எங்கே விடுவது என்று யோசிக்காமல் குழு ஆரம்பித்தால், நாப்கின் பசுமையாகவும் ஊர் வாய்க்கால் கறுப்பாகவும் ஆகிவிடும்.

நாரை விற்கிற உழவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தண்டில் இருக்கும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி நாரில் இல்லை, சாற்றிலும் சக்கையிலும் இருக்கிறது. நாரை மட்டும் விற்று, சக்கையையும் சாற்றையும் தோட்டத்துக்கே திருப்பினால் மண்ணுக்கு நட்டம் அதிகமில்லை. தண்டை முழுசாக லாரியில் ஏற்றிவிட்டால் அடுத்த போகத்துக்குப் பொட்டாஷ் தேட வேண்டியிருக்கும். ஆக, நார் எடுக்கும் இயந்திரம் தோட்டத்துக்கு வரட்டும், தண்டு ஊரைவிட்டுப் போக வேண்டாம்.

'மட்கும் நாப்கின்' என்று அட்டையில் போட்டிருந்தால் மூணு கேள்வி கேளுங்க. மேல் துணி எதில் செய்தது? அடித் தாள் எதில் செய்தது? ஜெல் இருக்கிறதா? மக்காச்சோள மாவிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கில் ஒரு வகை 60 டிகிரி வெப்பம் நிலைத்து நிற்கிற பெரிய உரக் கிடங்கில்தான் மட்கும். நம்ம எருக்குழியில் அப்படியே கிடக்கும்.

துவைத்துக் கட்டும் துணி

நம்ம பருத்திக்கு நேரான வழி ஒன்று இருக்கு. ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ஈக்கோ ஃபெம், இயற்கை வேளாண் பருத்தியில் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின் செய்கிறது. சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் தைக்கிறார்கள். இதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021இல் ஐஎஸ் 17514 என்ற தர அளவையும் கொண்டுவந்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் நாப்கினுக்கு உள்ளது ஐஎஸ் 5405. குழு ஆரம்பிக்கிறவர்கள் இரண்டையும் வாங்கிப் படிச்சுட்டு இறங்குங்க.

துணி நாப்கினில் சூட்சுமம் காயவைப்பதில் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். மூலையில் மறைத்து, ஈரம் போகாமல் திரும்பக் கட்டினால்தான் தொற்று வரும். வீட்டு ஆம்பளைங்க செய்ய வேண்டிய உதவி ஒன்றே ஒன்று: வெயில் படுகிற இடத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுத்து, அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது. துவைத்த தண்ணீரை வாழை, கல்வாழை வைத்த கழிவுநீர்ப் பாத்திக்கு விடுங்க, கீரைப் பாத்திக்கு வேண்டாம். துணி நைந்த பிறகு, ஈரம் கசியாத அடித் துணியையும் பொத்தானையும் வெட்டி எடுத்துட்டு, சுத்தமான பருத்தியை மட்டும் எருக்குழியில் போடலாம். மண் அதைத் தின்றுவிடும்.

எல்லாருக்கும் எல்லா நாளும் துணி ஒத்துவராது. பஸ்ஸில் போய் ஷிப்டு முடித்து வரும் பெண்ணுக்கு அன்றைக்கு எது சௌகரியமோ அதை அவரே முடிவு செய்யட்டும். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு டயாபர் வேண்டியிருக்கலாம். ஜெல் அங்கே நல்ல வேலை செய்கிறது. அந்த வேலை முடிந்ததும் அது போக வேண்டிய இடம் நம்ம மண் இல்லை, அவ்வளவுதான்.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்க. மூணு டம்ளர் சோதனையை உங்க ஊர்க் கூட்டத்தில், பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கும்போது எல்லார் முன்னாலும் செய்து காட்டுங்க. நாலாவதாக ஒரு டம்ளரும் வையுங்க. அடியில் ஓட்டை போட்ட அந்த டம்ளரில் நல்ல மட்கு எரு நிரப்பி, அதே போர் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு ஒழுகுது, எவ்வளவு நிற்குது என்று அளந்து எழுதி வையுங்க. சோதனை முடிந்ததும் அந்த எருவைக் கத்தரிச் செடிக்குப் போடுங்க. ஜெல்லைக் காகிதத்தில் சுற்றி மட்காத குப்பையில் கொடுத்துடுங்க.